கடமலைக்குண்டில் மிஞ்சிய தென்னை

ஓடிக்கொண்டிருக்கும் எதையும் திறந்து, உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்கிற குணம் சிலருக்கு உண்டு. அவர்களில் கொஞ்சம் பேர் விஞ்ஞானி ஆகிறார்கள். மற்றவர்கள் மிக்சியைக் கெடுத்துவிட்டு வீட்டில் திட்டு வாங்குகிறார்கள். நான் இரண்டாம் வகை. கல்லூரி முடிப்பதற்குள் எங்கள் வீட்டில் மிக்சி, சுவர்க்கடிகாரம், தோட்டத்து மோட்டாரின் ஸ்டார்ட்டர் எல்லாம் என் ஆராய்ச்சிக்குப் பலியாகியிருந்தன. (ஸ்டார்ட்டர் என்னால் கெடவில்லை என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். யாரும் நம்புவதில்லை.) அப்படிப்பட்ட ஒருத்தியிடம், தேனி வட்டாரம் முழுவதற்கும் விவசாயத் தகவல் சொல்லும் கம்ப்யூட்டர்களை ஒரு அறக்கட்டளை ஒப்படைத்தது. தப்பு யார் பக்கம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அலுவலகம் தேனியில். சின்னமனூர், கம்பம், போடி, கடமலைக்குண்டு ஆகிய நான்கு ஊர்களில் எங்கள் தகவல் மையங்கள். ஒவ்வொரு மையத்திலும் விரலால் தொட்டுப் பார்க்கிற பெரிய ஸ்கிரீன். திராட்சைக்குச் சாம்பல் நோய் வந்தால் என்ன செய்வது, வாழைக்கு எப்போது உரம் வைப்பது, தென்னையில் வெள்ளை ஈ வந்தால் யாரைக் கேட்பது என்று எல்லாமே அதில் இருக்கும். விவசாயிகள் வருவார்கள், தொடுவார்கள், படிப்பார்கள், போவார்கள்.

இதையெல்லாம் கட்டி எழுப்பியவர் பிரின்சி சேச்சி, குமுளிக்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முழு ஏற்பாட்டையும் விளக்கினார். ஒரு பயிருக்கு ஒரு கட்டு. அந்தப் பயிரைப் பற்றிய பக்கங்கள், படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். கட்டுக்கு வால்யூம் என்று பெயர். தென்னை ஒரு வால்யூம், திராட்சை ஒரு வால்யூம். எழுதுவதற்கும் திருத்துவதற்குமான மூலம் ஒன்றே ஒன்று, அது தேனியில் இருக்கும். அதைப் பார்த்து எடுத்த பிரதிகள் நான்கு ஊர் சர்வர்களிலும் இருக்கும். அவற்றை வாசிக்க மட்டும்தான் முடியும், அங்கிருந்து ஒரு கால்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. கம்பத்துக்காரர் ஸ்கிரீனைத் தொட்டால் கம்பத்துப் பிரதியே பதில் சொல்லிவிடும். தேனிக்கு வரும் லைன் அறுந்து கிடந்தாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

எனக்கு ஒரே ஆச்சரியமாகப் போய்விட்டது. ஒரே பக்கம் நான்கு ஊரில் எப்படி ஒன்றுபோல இருக்கும், நான்கும் ஒன்றுதான் என்று யார் சரிபார்க்கிறார்கள், ஒன்று தூங்கிவிட்டால் மற்றவை என்ன செய்யும் என்று மனசுக்குள் கேள்விகள் ஓடின. சேச்சி மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் சர்வரின் பின்பக்கம் எந்த விளக்கு எப்போது மினுக்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூலத்தைத் திருத்தினால் மட்டும் போதாது, ரிலீஸ் என்று ஒரு கட்டளை கொடுத்தால்தான் திருத்தம் பிரதிகளுக்குப் போகும் என்பதை அவர் அப்போதுதான் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் ராமராசு. பண்ணைப்புரத்தில் திராட்சை போடுகிறவர். யாராவது ஏதாவது பேசிக்கொண்டிருந்தால் நின்று கேட்பார். சற்று நேரத்தில் அவர் பேசிக்கொண்டிருப்பார், மற்றவர்கள் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் முதுகுவலிக்கு வைத்தியம் சொல்வார். டிரைவருக்கு வளைவில் எந்த கியர் என்று சொல்வார். ("நீங்களே ஓட்டுறீகளாண்ணே?" என்று ஒரு டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டார். அப்பா அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தார்.)

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. தென்னை வால்யூமில் ‘நிபுணரைத் தொடர்புகொள்ள’ என்ற பக்கம் காலியாகக் கிடந்தது. அதுவரை இருந்த தென்னை நிபுணர் வயதாகி, வெளிநாட்டில் மகனோடு இருக்கப் போய்விட்டார். தென்னைப் பக்கங்கள் அத்தனையும் அந்த மனிதர் தோப்பு தோப்பாகப் போய்ப் பார்த்து எழுதியவை. அந்தக் காலிப் பெட்டியைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. நீளமான தமிழ் வரியைப் போட்டால் பெட்டிக்குள் மடங்குமா, வெளியே வழியுமா? சோதித்துப் பார்ப்பதற்காக இப்படி அடித்தேன்:

பெயர்: ராமராசு, பண்ணைப்புரம்.
தகுதி: கேட்காமலேயே ஆலோசனை சொல்வார்.
நேரம்: எந்நேரமும்.
குறிப்பு: ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது உங்கள் சாமர்த்தியம்.

கீழே அப்பாவின் செல் நம்பரையும் போட்டேன். வரிகள் அழகாக மடங்கின. திருப்தியாக இருந்தது. அதற்குள் டீ வந்தது, பிறகு வேறு வேலை வந்தது, அழிக்க மறந்துபோனேன். அன்று சாயங்காலம் பிரின்சி சேச்சி தங்கை கல்யாணத்துக்காகக் கட்டப்பனைக்குக் கிளம்பினார். போகும்போது, வெள்ளை ஈ பக்கத்தில் தான் திருத்தியிருந்ததை அனுப்பிவிடலாம் என்று தென்னை வால்யூமுக்கு ஒரு ரிலீஸ் கொடுத்துவிட்டுப் போனார். கட்டு என்றால் முழுக் கட்டும்தானே போகும். வெள்ளை ஈயோடு என் அப்பாவும் நான்கு ஊருக்குக் கிளம்பினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது.

"ஆமா, ராமராசுதேன் பேசுறேன். எங்கருந்து? கம்பமா? சொல்லுங்க. தென்னையா? குரும்பை கொட்டுதா, பிஞ்சுலயேவா? ம்ம். கவாத்துப் பண்ணிப் பாத்தீகளா?"

திராட்சைக்காரர்களுக்குக் கவாத்துதான் எல்லாம். கொடியை அளவாக வெட்டிவிட்டால் புதுத் துளிர் வந்து காய்க்கும். தென்னைக்கு இருப்பது ஒரே ஒரு தலை. அதை வெட்டினால் பிறகு மரத்தை அடுப்புக்குத்தான் வைக்க வேண்டும். அந்தப் பக்கம் இருந்தவரும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார்.

"ஓ, தென்னைக்கு அது இல்லையோ. சரி, பண்ணாம விட்டதும் நல்லதாப் போச்சு. நாளைக்குக் கூப்பிடுங்க, விசாரிச்சுச் சொல்றேன்."

அம்மா ரசக் கரண்டியோடு அப்பாவைப் பார்த்தார். "என்னா இது? ஒரு வாரமா யார் யாரோ கூப்பிடுறாக."

"ஸ்கிரீன்ல என் பேரு போட்டுருக்காகளாம். தென்னைக்கு நாந்தேன் ஆளுன்னு. கம்பத்துலருந்து பேசுறாக, போடியிலருந்து பேசுறாக. கடமலைக்குண்டுலருந்துதேன் நெறையா."

"நம்மகிட்ட இருக்குறதே கெணத்து மேட்டுல நாலு மரம். அதுலயும் ரெண்டு காய்க்கல," என்றார் அம்மா.

யாராவது ஒரு அப்பாவி, சொன்னவர் நிபுணர் என்று நம்பி அரிவாளோடு மரம் ஏறிவிட்டால் என்ன ஆகும்? நான் வேலையில் நிரந்தரமாகக்கூட ஆகவில்லை.

மறுநாள் அலுவலகம் போனதும் முதல் வேலையாக மூலத்தைத் திறந்து அப்பாவை அழித்தேன். பெட்டி காலியானது. கம்பம் மையத்தைப் பார்த்துக்கொள்ளும் அய்யனார் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, தென்னை நிபுணர் பக்கத்தத் திறந்து பாருங்க. இப்பக் காலியா இருக்கும்."

"இல்லையே தாயி. ராமராசு, பண்ணைப்புரம்னு இருக்கு."

"நல்லாப் பாருங்கண்ணே."

"கண்ணாடி போட்டுத்தேன் பாக்குறேன். கேக்காமயே ஆலோசனை சொல்வாருன்னு இருக்கு. நல்ல மனுசன் போல."

"என் ஸ்கிரீன்ல சரியா இருக்குண்ணே. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

செய்தார். அப்பா அங்கேயே இருந்தார். ஸ்கிரீனைத் துடைக்கச் சொன்னேன். துடைத்த பிறகு முன்னைவிடத் தெளிவாக இருக்கிறார் என்றார். ஒருவேளை அண்ணனுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமோ என்று நான் நாகரிகமாக விசாரித்தேன். (இன்றும் அவரைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வது இதனால்தான்.) பிறகு போடிக்கும் சின்னமனூருக்கும் பேசினேன். அங்கேயும் அப்பா இருந்தார். மூன்று ஊரில் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் பார்வை கெட்டிருக்க வாய்ப்பில்லை என்று எனக்கே தோன்றியது.

விஷயம் தெரிந்த ஒருத்தியாக இருந்தால் அப்போதே சேச்சியைக் கேட்டிருப்பாள். கல்யாண வீட்டைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்கு இது பெரிய புதிராகவும் சுவையாகவும் இருந்தது. அழித்த பிறகும் அந்தப் பக்கம் எங்கிருந்து வருகிறது? இதை நானாகவே கண்டுபிடித்தால் எப்படி இருக்கும்?

கண்டுபிடிக்க ஒரு வழி யோசித்தேன். தென்னை வால்யூமில் ஒவ்வொரு பகுதியாக அழிப்பது, அழித்த கையோடு அய்யனார் அண்ணனிடம் என்ன தெரிகிறது என்று கேட்பது. எதை அழிக்கும்போது கம்பத்தில் மாற்றம் தெரிகிறதோ அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. நான் ஒன்றும் முட்டாள் அல்ல. அழிப்பதற்கு முன்னால் முழுக் கட்டையும் என் மேசைக் கம்ப்யூட்டருக்கு இழுத்துப் போட்டு நகல் எடுத்துக்கொண்டேன்.

"அண்ணே, உரம் இருக்கா?"

"இருக்கு."

"காண்டாமிருக வண்டு?"

"படத்தோட இருக்கு."

"சிவப்புக் கூன்வண்டு?"

"அதுவும் இருக்கு தாயி. எதுக்கு இப்படி ஒவ்வொண்ணாக் கேக்குறீக, ஏதும் பரீட்சையா?"

வாரத்தின் நடுவில் மூலத்தில் தென்னை என்று ஒரு கீற்றுகூட மிச்சம் இல்லை. கம்பத்தில் எல்லாம் கொழுகொழுவென்று இருந்தது. எனக்குப் பயமே வரவில்லை. இவ்வளவு அழித்தும் அசையாமல் நிற்கிறதே என்று அந்த ஏற்பாட்டின் மேல் மரியாதைதான் கூடியது.

இதற்கிடையில் அப்பாவின் போக்கில் ஒரு மாற்றம். தினமும் மத்தியானம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கம்பத்துக்குப் பஸ் ஏறினார். என்னவென்று பார்த்தால், எங்கள் மையத்துக்குப் போய், ஸ்கிரீனில் தென்னைப் பக்கங்களை ஒன்றுவிடாமல் படித்துவிட்டு வருகிறார். சாயங்காலம் போன் வந்தால் அதையே சொல்கிறார். வெள்ளை ஈக்குக் கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள், ஓலையின் அடிப்பக்கம் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள் என்று நிபுணர் எழுதியது எழுதியபடியே வந்தது. கூடவே தன் பங்குக்குக் கூப்பிட்டவரின் மாட்டைப் பற்றியும், அவர் மகனின் படிப்பைப் பற்றியும், அவருக்கு வந்த சளியைப் பற்றியும் சொன்னார். கவாத்துப் பேச்சு நின்றுவிட்டதில் எனக்கு ஒரு நிம்மதி.

வெள்ளிக்கிழமை காலையில் நான் தேனிக்குக் கிளம்பினேன். அப்பாவும் வெள்ளை வேட்டியில் தயாராக நின்றார்.

"நானும் வர்றேன் ஆத்தா. ஒங்க ஆபீஸ்ல ஒரு சோலி இருக்கு."

"என்ன சோலிப்பா?"

"அடையாள அட்டை ஒண்ணு கேக்கணும். நாளப்பின்ன தோப்புக்குப் போனா, நீ யாருன்னு கேப்பாகல்ல?"

அலுவலகத்தில் அவரை வரவேற்பறை நாற்காலியில் உட்கார வைத்தேன். இதற்கு மேல் தாங்காது என்று சர்வர் அறைக்குள் போய்ச் சேச்சிக்குப் போன் போட்டேன். பின்னணியில் பேண்டு வாத்தியம் கேட்டது.

"எந்தா மோளே, சீக்கிரம் சொல்லு. பள்ளிக்குக் கிளம்புறோம்." (பள்ளி என்றால் அவர்களுக்கு சர்ச்.)

"சேச்சி, மூலத்துல திருத்தினது கம்பத்துல தெரியல."

"ரிலீஸ் கொடுத்தியா?"

"ரிலீஸா?"

"அதைத்தானே முதல் நாளே சொன்னேன். திருத்திட்டு ரிலீஸ் கொடுத்தாத்தான் பிரதி மாறும். கொடு, சரியாகும்." வாத்தியச் சத்தம் கூடியது. போன் கட்டானது.

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நிமிடங்கள் அதிகம் இல்லை. இதுதானா விஷயம்? பிரதிகள் பிடிவாதம் பிடிக்கவில்லை, சொல்லும்வரை காத்துக்கொண்டுதான் இருந்தன. எவ்வளவு அழகான ஏற்பாடு. அந்த வியப்பு குறையும் முன்பே கட்டளையை அடித்துத் தட்டிவிட்டேன். சின்னமனூர் முடிந்தது. போடி முடிந்தது. கம்பம் முடிந்தது. கடமலைக்குண்டு மட்டும் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வந்தது. வருசநாட்டு ரோட்டில் காலையிலிருந்து பொக்லைன் வேலை, அது கேபிளை அறுத்துவிட்டது என்று பிறகு தெரிந்தது.

நான்கில் மூன்று பரவாயில்லை என்று நிமிர்ந்தபோது அய்யனார் அண்ணன் கூப்பிட்டார்.

"தாயி, ராமராசு போயிட்டாரு."

"நான் சொன்னேன்லண்ணே."

"தென்னையும் போயிருச்சு."

மூலத்தில் என்ன இருக்கிறதோ அதுதானே பிரதிக்குப் போகும். மூலத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததை மூன்று ஊருக்கும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன்.

பரவாயில்லை, நகல்தான் இருக்கிறதே என்று என் மேசைக் கம்ப்யூட்டரில் போய் அதைத் திறந்தேன். திறக்கவில்லை. வாரம் முழுவதும் நான் நகல் என்று நம்பிக்கொண்டிருந்தது வெறும் ஷார்ட்கட். வீட்டை எடுத்து வைத்திருக்கிறேன் என்று நினைத்து, வீட்டுக்குப் போகும் வழியை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். தினசரி பேக்கப்பைப் பார்த்தேன். அது ஒவ்வொரு விடியற்காலையும் முந்தின நாளையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏறுவது. அன்று விடிந்தபோது எடுத்து வைத்ததும் காலிதான். ஒரு மனிதர் வெயிலில் தோப்பு தோப்பாக நடந்து எழுதியதை, ஒரு பெட்டிக்குள் வரி மடங்குமா என்று பார்க்கப் போய்த் துடைத்துவிட்டேன். உட்கார்ந்துகொண்டு மறுபடி சேச்சிக்குப் போட்டேன். நாலைந்து முறை அடித்த பிறகு, சர்ச்சுக்குள்ளிருந்து குசுகுசுவென்று பேசினார். நான் அழுதுகொண்டே சொன்னதை முழுவதும் கேட்டார்.

"எல்லா சைட்டுக்கும் போயிருச்சா? ஒண்ணும் விட்டுப்போகலையா?"

"கடமலைக்குண்டுக்கு மட்டும் போகல சேச்சி. லைன் இல்ல."

"தெய்வமே. அப்போ பழைய பிரதி அங்க மட்டும் முழுசா உண்டு. நீ கேளு. விட்டுப்போன சைட்டுக்கு லைன் வந்ததும் ரிலீஸ் தானாவே மறுபடி ஓடும், அப்படித்தான் நான் வச்சிருக்கேன். அதை நிறுத்துற பாஸ்வேர்டு என் லேப்டாப்புல. லேப்டாப் வீட்டுல. நான் இங்க மணப்பெண்ணோட சேலையப் பிடிச்சிட்டு நிக்கிறேன். நீ லைன் வர்றதுக்கு முன்னாடி அங்க போயி சர்வர்ல இருந்து நெட்வொர்க் வயரைப் பிடுங்கு. அப்புறம் காப்பி எடு. பேடிக்கண்டா, பயப்படாதே, ஓடு."

கடமலைக்குண்டு மையத்தில் இருக்கும் பாண்டியம்மா அக்காவுக்குப் போட்டேன். கேபிளோடு செல்போன் டவரும் படுத்துவிட்டது போல, மணியே போகவில்லை. கேபிளை ஒட்ட ஆள் போய்விட்டார்கள் என்று மட்டும் தகவல் கிடைத்தது. ஒரு கேபிள் அறுந்தே கிடக்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்ட கம்ப்யூட்டர்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஹார்டு டிஸ்கைப் பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஸ்கூட்டரை எடுத்தேன். வாசலில் அப்பா.

"எங்கத்தா இம்புட்டு அவசரமா?"

"கடமலைக்குண்டுக்குப்பா."

"அங்கனயா? நல்லதாப் போச்சு. நம்ம ஆளுக அங்கனதேன் நெறையா இருக்காக." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். இறக்கிவிட நேரம் இல்லை.

கண்டமனூரைத் தாண்டும்வரை எனக்கு ஸ்கூட்டர் ஓட்டப் பாடம் நடந்தது. நடுவில் அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் விஷயத்தைச் சொன்னேன். எப்படி அழிந்தது என்பதை விட்டுவிட்டு, தென்னைப் பக்கங்கள் அழிந்துவிட்டன, கடைசிப் பிரதி கடமலைக்குண்டில்தான் இருக்கிறது, நான் போய்ச் சேரும் முன்னால் லைன் வந்துவிட்டால் அதுவும் போய்விடும் என்று மட்டும் சொன்னேன். அப்பா ஸ்கூட்டர் பாடத்தை அதோடு நிறுத்திக்கொண்டார்.

கடமலைக்குண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் குழி. குழிக்குப் பக்கத்தில் ஒரு வேன், வேனின் நிழலில் மூன்று பேர், அவர்கள் நடுவில் தலைமுடி போல மெல்லிய கேபிள் இழைகள். வேகத்தைக் குறைத்து, "எப்பண்ணே லைன் வரும்?" என்று கேட்டேன்.

"இந்தா, ஆச்சும்மா. இன்னும் கொஞ்சந்தேன்."

அப்பா என் தோளைத் தட்டினார்.

"நிறுத்து ஆத்தா. நான் இங்கன எறங்கிக்கிறேன். நீ போ."

"என்னப்பா செய்யப்போறீங்க?"

"என்ன செய்யப்போறேன்? பேசிக்கிட்டு இருக்கேன்."

திரும்பிப் பார்க்காமல் போனேன். கண்ணாடியில் பார்த்தபோது அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, இழையைக் கையில் வைத்திருந்தவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மனிதர் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்துவிட்டார். அவ்வளவுதான். இனி அவர் தப்பிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், அனுபவம் உண்டு.

மையத்துக்குள் நுழைந்த வேகத்தில் பாண்டியம்மா அக்காவுக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. உள் அறைக்கு ஓடி, சர்வரின் பின்னாலிருந்த நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன்.

"ஏம்மா, அதத் தொடக் கூடாதுன்னு பிரின்சி மேடம் சொல்லிருக்காக," என்றார் அக்கா.

"அவுகதான் பிடுங்கச் சொன்னாங்கக்கா."

ஸ்கிரீன் முன்னால் நாலைந்து விவசாயிகள் நின்றிருந்தார்கள். தென்னை அப்படியே இருந்தது. உரம், வண்டு, வெள்ளை ஈ எல்லாம் இருந்தன. கடைசியில் என் கைவண்ணமும் ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. வாசிக்க மட்டும் என்றால் மாற்றத்தான் கூடாது, நகல் எடுக்கத் தடையில்லை. ஹார்டு டிஸ்கைச் சொருகி நகல் எடுக்க ஆரம்பித்தேன். இந்த முறை ஒவ்வொரு பக்கத்தையும் டிஸ்கிலிருந்தே திறந்து, ஷார்ட்கட் இல்லைதானே என்று பார்த்தேன். படம் படமாகப் பார்த்தேன். வாழ்நாளில் தென்னையைப் பற்றி அவ்வளவு அக்கறையாக நான் படித்ததில்லை.

தலையில் துண்டு கட்டிய ஒருவர் பக்கத்தில் வந்தார். "தேனி ஆபீஸா? நீங்க பாத்தா அந்த ராமராசு ஆபீசர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவுக சொன்னபடி தண்ணி பீய்ச்சுனோம், ஈ கொறஞ்சிருக்கு. போனை மட்டும் கொஞ்சம் சீக்கிரமா வைக்கச் சொல்லுங்க. எனக்கு மாடு அவுக்கணும்."

எல்லாம் டிஸ்கில் ஏறியது உறுதியான பிறகு, வயரைச் சொருகாமல் அப்படியே விட்டுவிட்டு, சேச்சி சொல்லும்வரை தொட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிக் கிளம்பினேன்.

குழியடியில் கூட்டம் கூடியிருந்தது. கேபிள்காரர்கள் மூன்று பேரும், பொக்லைன் டிரைவரும், வழியில் போன இரண்டு பேரும் சுற்றி நின்றார்கள். நடுவில் அப்பா. கேபிள் ஒட்டும் மேஸ்திரிக்கு ஆண்டிபட்டிப் பக்கம் சொந்தமாகத் தென்னை இருந்திருக்கிறது. அப்பாவுக்கு வேறென்ன வேண்டும்? மேஸ்திரி ஒரு கையில் இழையைப் பிடித்தபடியே குரும்பை உதிர்வதைப் பற்றிச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா கிணற்று மேட்டில் இருக்கும் எங்கள் நான்கு மரங்களை நானூறு மரங்கள் போலப் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தாமலே புருவத்தை மட்டும் உயர்த்தினார். நான் தலையாட்டினேன்.

"சரி, ஒங்க வேலையப் பாருங்க," என்று எழுந்தார் அப்பா. "நாந்தேன் வெட்டியாப் பேசி நேரத்தக் கெடுத்துட்டேன்."

அவர் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வருசநாட்டு மலை பின்னால் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அப்பா சொன்னார்.

"அதை எழுதுனது நீதேன்னு எனக்கு மொத நாளே தெரியும்."

நான் பிரேக்கைப் பிடித்துவிட்டேன்.

"கேக்காமயே சொல்வாருன்னு நம்ம வீட்டாளுகளத் தவிர வேற யாரு எழுதுவா? உங்கம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது."

"ஏன்ப்பா கேக்கல?"

"கேட்டா நீ அழிச்சுப்புடுவ. எழுதுனது வேணா வெளாட்டா இருக்கட்டும், கூப்பிடுறவுக நெசமாத்தேன கூப்பிடுறாக. நான் கவாத்துன்னதும் அந்தக் கம்பத்து ஆளு சிரிச்சாரு பாரு, ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அதுக்குத்தேன் தெனம் கம்பத்துக்குப் போனேன்." தோளில் கிடந்த துண்டை இறுக்கிக்கொண்டார். "மத்ததெல்லாம் சரி. அந்தக் கடைசி வரி வேண்டாம் ஆத்தா. நிறுத்துறது உங்க சாமர்த்தியம்னு எழுதிருந்த பாரு, அது."

"மன்னிச்சிருங்கப்பா" என்றேன். காற்றில் அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. "வளைவு வருது, மெதுவாப் போ" என்றார்.

டிஸ்கிலிருந்த தென்னையை அன்றே மூலத்தில் ஏற்றினேன். நிபுணர் பெட்டியை மட்டும் காலியாக விட்டு, ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்து, சேச்சி திரும்பி வந்த பிறகு, கடமலைக்குண்டு வயரையும் சொருகச் சொல்லிவிட்டு, அவர் முன்னால் ரிலீஸ் கொடுத்தேன். நான்கு ஊரும் முடிந்தது என்று வந்தது. சேச்சி எனக்குத் தனியாக ஒரு ரிலீஸ் கொடுத்தார். அதை இங்கே எழுத முடியாது, மலையாளத்தில் இருந்தது. பிறகு முறையாகப் படித்த ஒருவர் தென்னை நிபுணராக வந்தார், அவர் பெயர் பெட்டியில் ஏறியது. கம்பமும் போடியும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தன. கடமலைக்குண்டுக்காரர்கள் மட்டும் ஸ்கிரீனில் என்ன இருந்தாலும் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். புது நிபுணர் நல்லாத்தேன் சொல்றாரு, ஆனா வீட்டு வெசயத்தக் கேக்க மாட்டேங்கிறாரு என்று அவர்கள் தரப்பில் குறை.

என் கல்யாணத்துக்குக் கடமலைக்குண்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்தார்கள். குலை குலையாக இளநீரை இறக்கி, முன்வரிசையில் சம்பந்தி வீட்டாருக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா அவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து வந்து அறிமுகப்படுத்தினார். அதில் ஒரு பெரியவர் எனக்கு விபூதி பூசிவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, நீயும் ஆபீசரு ஆபீஸ்லதேன் வேலை பாக்குறியா?"

நான் பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஆமாண்ணே. என் கம்ப்யூட்டரப் பாத்துக்குற புள்ள. கெட்டிக்காரி, என்ன, அப்பப்பக் கொஞ்சம் அவசரப்படும்."

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் நான் அப்பாவின் கீழே வேலை பார்ப்பவள்தான். அவசரமாக எதையாவது போட்டு உடைத்தால், அப்பாவிடம் மெமோ வாங்கிக் கொடுப்பதாக என் வீட்டுக்காரர் மிரட்டுகிறார். ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று நான் போனில் சொன்னால், அம்மா உடனே போனைப் பொத்தாமலே உள்ளே பார்த்துக் கூப்பிடுவார்:

"ஏங்க, ஆபீசரே. இந்தப் புள்ளைக்கு ஒரு நாள் லீவு குடுத்தா என்னா?"

அப்பா யோசித்துத்தான் பதில் சொல்வார்.